நட் கழல்கிறது என்றால் நட்டை மட்டும் பார்க்காதீர்கள்

பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கணக்கப்பிள்ளையாக வேலை பார்க்கும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்:

"அண்ணா, என்னுடையது 150 சீசீ பைக், செக்கன்ட் ஹேண்டில் வாங்கியது. மூன்று டிவிஷனுக்கும் தினமும் போய்வர வேண்டும். மேட்டில் இழுவை போதவில்லை என்று இரண்டு மாதத்துக்கு முன் பின்பக்கம் இரண்டு பல் கூடின ஸ்பிரொக்கெட் போட்டேன். இப்போது பின் ஸ்பிரொக்கெட் நட் இரண்டு தடவை லூஸாகிவிட்டது. முதல் தடவை கராஜ் பாஸ் புது ஸ்பிரிங் வொஷர் போட்டு இறுக்கித் தந்தார். போன கிழமை ஒரு நட் எங்கேயோ விழுந்தே போய்விட்டது. ஒரு ஸ்டட் ஆடுகிறது. கூட்டாளி ஒருவன் சூப்பர் குளூ போடு என்கிறான். இன்னொருவர் வெல்டிங் பிடித்துவிட்டால் ஜென்மத்துக்கும் கழலாது என்கிறார். நட் கழலாமல் பிடிக்கிற பசை, லொக்டைட் என்று ஒன்று இருக்கிறதாமே, அது சரிவருமா? முன்பக்க கவருக்குள்ளேயும் கடகடவென்று சத்தம் வருகிறது. நானே செய்யலாமா, கராஜுக்குத்தான் போக வேண்டுமா? என்னிடம் ரிங் ஸ்பனர் செட் மட்டும் இருக்கிறது."

தம்பி, பதில் கொஞ்சம் நீளும். அதனால் அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு நட் இல்லாமல் அந்த பைக்கை எந்த டிவிஷனுக்கும் கொண்டுபோகாதீர்கள். பக்கத்து டிவிஷன்தானே, மெதுவாகப் போகலாமே என்றும் நினைக்காதீர்கள்.

ஸ்பிரொக்கெட்டை, அதாவது செயின் ஓடுகிற பல் சக்கரத்தை, சில்லின் நடுவிலுள்ள ஹப்போடு பிடித்திருப்பது நான்கோ ஐந்தோ ஆறோ நட்கள்தான். ஒன்று போனால் அதன் சுமை பக்கத்து இரண்டின் தலையில் விழும். அந்த இரண்டும் தளர ஆரம்பிக்கும், துளைகள் நீள்வட்டமாகும், நட் ஏறுகிற மரைக் கம்பிகளான ஸ்டட்கள் வெட்டுப்படும். கடைசியில் ஸ்பிரொக்கெட் ஒரு பக்கம் சாய்ந்து, செயின் ஹப்புக்கும் ஸ்விங் ஆர்முக்கும் நடுவில் சிக்கி, பின் சில்லு ஓடிக்கொண்டிருக்கும்போதே பூட்டிக்கொள்ளும். ஒரு பக்கம் கான், மறுபக்கம் பள்ளம் என்றிருக்கிற உங்கள் ரோட்டில் அது எங்கே போய் முடியும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

சரி, இப்போது விஷயத்துக்கு வருவோம். நட் ஏன் கழல்கிறது?

"அதிர்வுதான் காரணம், நம்ம ரோடு அப்படி" என்பார்கள். பாதி உண்மை. நட்டை இறுக்கும்போது ஸ்டட் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நீள்கிறது. நீண்ட இரும்பு மறுபடி சுருங்கப் பார்க்கும். அந்த இழுப்புத்தான் ஸ்பிரொக்கெட்டை ஹப்பின் முகத்தோடு அழுத்திப் பிடிக்கிறது. என்ஜினின் சக்தியைச் சில்லுக்குக் கடத்துவது அந்த அழுத்தத்தில் பிறக்கிற உராய்வுதான். ஸ்டட்டின் பக்கவாட்டில் துளை முட்டி அது தள்ளிக்கொண்டு போவதில்லை, போகவும் கூடாது. அழுத்தம் போதாமல் ஸ்பிரொக்கெட் ஒரு மயிரிழை முன்னும் பின்னும் வழுக்க ஆரம்பித்தால், ஒவ்வொரு வழுக்கலுக்கும் நட் ஒரு துளி பின்வாங்கும். 1969இல் ஜெர்மன் பொறியியலாளர் கெர்ஹார்ட் யுங்கர் இதைச் சோதனை போட்டே காட்டினார். போல்ட்டின் நீளவாக்கில் வருகிற அதிர்வை விட, குறுக்குவாக்கில் வருகிற வழுக்கல்தான் நன்றாக இறுக்கிய நட்டையும் கழற்றிவிடும் என்பது அவர் கண்டது. நட் பூட்டும் சாதனங்களை இன்றும் அவர் பெயரிலுள்ள சோதனையில்தான் பரீட்சித்துப் பார்க்கிறார்கள்.

விறகுக் கட்டைப் பாருங்கள். கயிறு இறுக்கமாக இருந்தால் உள்ளே ஒரு குச்சியும் அசையாது, முடிச்சும் அப்படியே இருக்கும். குச்சிகள் அசைய இடம் விட்டுக் கட்டினால் எந்த முடிச்சுப் போட்டாலும் பாதி வழியில் அவிழும்.

மலைநாட்டு பைக்குக்கு இந்த வழுக்கல் ஏன் கூடுதலாக வருகிறது என்பதும் இதிலேயே இருக்கிறது. கொழும்பில் ஓடுகிற பைக்கில் ஸ்பிரொக்கெட் பெரும்பாலும் ஒரே பக்கம்தான் இழுபடும். நம் பக்கத்தில் அப்படியில்லை. மேட்டில் முதல் கியரில், பின்னால் ஓர் ஆளோ ஒரு உர மூட்டையோ வைத்து முழு இழுவையில் ஏறுகிறீர்கள். உச்சியைத் தாண்டியதும் அதே கியரில் என்ஜின் பிடித்து இறங்குகிறீர்கள், இப்போது சுமை தலைகீழ். கினிகத்தேனைக் கணவாயிலும் றம்பொடை வளைவுகளிலும் ஒவ்வொரு வளைவுக்கும் இப்படி மாறும். தோட்டத்து ரோட்டில் ஒவ்வொரு குழிக்கும் மாறும். முன்னே ஓர் உதை, பின்னே ஓர் உதை. யுங்கர் ஆய்வுகூடத்தில் செய்ததை நீங்கள் தினமும் டிவிஷனுக்குப் போய்வருகிற வழியில் செய்கிறீர்கள்.

இதைப் படித்துவிட்டு இறக்கத்தில் நியூட்ரலில் விட்டு இறங்கலாம் என்று முடிவெடுத்துவிடாதீர்கள். பெட்ரோல் மிச்சம் பிடிக்க என்ஜினையே நிறுத்திவிட்டு இறங்குகிறவர்களும் இருக்கிறார்கள், எனக்குத் தெரியும். பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகிற இடம் எப்போதும் வளைவாகத்தான் இருக்கும். கியரில்தான் இறங்க வேண்டும். கியர் குறைக்கும்போது கிளட்சைப் படாரென்று விடாமல், கொஞ்சம் அக்சிலேட்டர் கொடுத்து விட்டால் ஸ்பிரொக்கெட்டுக்குப் போகிற உதை குறையும்.

அடுத்தது ஸ்பிரிங் வொஷர். உங்கள் பாஸைக் குறை சொல்லவில்லை, எல்லாக் கராஜிலும் இதைத்தான் செய்கிறார்கள். ஆனால் அந்த வெட்டு வொஷர், நட்டை முழுதாக இறுக்கும்போது தட்டையாகிவிடும். தட்டையான பிறகு அது சாதாரண வொஷர்தான். அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா 1990இல் வெளியிட்ட போல்ட், நட் கையேடு, பூட்டுவதற்கு இந்த வொஷர் பயனற்றது என்று நேராகவே எழுதியிருக்கிறது. ஸ்பிரொக்கெட் நட்டுக்கு அதை நம்பாதீர்கள். கம்பனி போடாத இடத்தில் போடவே வேண்டாம். உள்ளே ஒரு சாமான் கூடினால் ஸ்டட்டின் மரையில் நட் பிடிக்கிற நீளம் குறையும், அவ்வளவுதான் மிச்சம்.

இனி உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் எழுதிவிட்ட வரிக்கு வருகிறேன். இரண்டு பல் கூடின ஸ்பிரொக்கெட் போட்டீர்கள், "இப்போது" லூஸாகிறது. என் சந்தேகமெல்லாம் அங்கேதான்.

பல் கூடியதால் சுமை கூடிவிட்டது என்று நினைக்க வேண்டாம். 43 பல்லுக்குப் பதில் 45 போட்டால் இழுவை ஏறத்தாழ 5 சதவீதம்தான் கூடும். அதற்கெல்லாம் நட் கழலாது. பிரச்சினை பெரும்பாலும் அந்தத் தகடு உட்கார்ந்திருக்கிற விதத்தில் இருக்கும். 2020இல் வாகன இறக்குமதி நின்றதிலிருந்து பழைய பைக்குகளை இழுத்துப் பிடித்து ஓட்டுகிறோம். 2025இல் திறந்துவிட்டாலும் புது பைக் விலை எல்லோருக்கும் எட்டுவதில்லை. ஸ்பெயார் பார்ட்ஸ் கடையில் கிடைக்கிற எல்லா ஸ்பிரொக்கெட்டும் கம்பனி அளவில் இருக்கிறதா என்றால், இல்லை. நல்லதும் இருக்கிறது, கண்ணை மூடிக்கொண்டு வெட்டினதும் இருக்கிறது.

கழற்றினதும் மூன்று இடங்களைப் பாருங்கள். முதலில் தடிப்பு. பழைய ஸ்பிரொக்கெட்டை வீசாமல் வைத்திருந்தால், ஸ்டட் துளைக்குப் பக்கத்தில் இரண்டையும் சேர்த்து வைத்து அளந்து பாருங்கள். புதியது மெல்லிசாக இருந்தால், நட் இறுகும் முன்பே ஸ்டட்டின் மரை முடிந்துவிடலாம். ஸ்பனருக்கு "இறுகிவிட்டது" என்று தெரியும், உள்ளே தகடு சும்மா இருக்கும். இந்த ஏமாற்று நிறையப் பேருக்குத் தெரியாது. நட்டைக் கையால் கடைசிவரை சுற்றிப் பார்த்தாலே புலப்பட்டுவிடும்: ஸ்பிரொக்கெட்டைத் தொட்ட பிறகும் மரை மிச்சம் இருக்க வேண்டும்.

இரண்டாவது, துளைகளும் நடுவட்டமும். ஸ்பிரொக்கெட்டின் நடுத் துளை ஹப்பின் வளையத்தில் ஆட்டமில்லாமல் உட்கார வேண்டும். தளதளவென்று இருந்தால் தகட்டை மையத்தில் பிடித்து வைக்கிற வேலையும் ஸ்டட்கள் தலையில்தான் விழும்.

மூன்றாவது பெயின்ட். நட் உட்காருகிற இடத்திலும் ஹப்பின் முகத்தோடு ஒட்டுகிற பக்கத்திலும் தடிப்பாகப் பெயின்ட் அடித்திருப்பார்கள். ஓட ஓட அந்தப் பெயின்ட் நசுங்கும். நசுங்கின அளவுக்கு ஸ்டட்டின் இழுப்பும் போய்விடும். ஸ்டட் நீண்டதே ஒரு மில்லிமீட்டரில் மிகச் சிறு பங்குதான், அதில் ஒரு பெயின்ட் படலம் போனால் பெரிய இழப்பு. எமரித் தாளால் அந்த இடங்களை மட்டும் இரும்பு தெரியத் தேய்த்துவிடுங்கள்.

கழற்றும் முன்பே பார்க்க வேண்டிய ஓர் அடையாளமும் உண்டு. பகல் வெளிச்சத்தில் சில்லைக் கழுவாமலே பாருங்கள். நட்டின் அடியிலிருந்து செங்கபில நிறத்தில் மா மாதிரி ஒரு துரு கசிந்து, வெளிப்பக்கமாக ஒரு கீற்றாக ஓடியிருக்கிறதா? மழையில் பிடிக்கிற துரு எல்லா இடத்திலும் பரவலாக இருக்கும். இது நட்டைச் சுற்றி மட்டும் இருக்கும், விரலால் தொட்டால் மெல்லிய தூளாக ஒட்டும். இரண்டு இரும்புகள் உரசினால்தான் அந்தத் தூள் வரும். அது தெரிந்தால் நட் ஏற்கனவே அசைகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள், ஸ்பனருக்கு இறுக்கமாகத் தெரிந்தாலும் சரி. நட்டைக் கழற்றினால் அடியில் வழுவழுவென்று மினுங்கும் வளையம் ஒன்று இருக்கும், அதுவும் அதே சாட்சிதான்.

அடுத்தவன் ஹப்புக்குள் இருக்கும் ரப்பர். ஸ்பிரொக்கெட் பூட்டியிருக்கிற தட்டுக்கும் சில்லுக்கும் நடுவில் ரப்பர் கட்டைகள் இருக்கும், உதையை வாங்கிக்கொள்வது அவைதான். செக்கன்ட் ஹேண்ட் பைக்கில் பாதிக்கு மேல் அவை செத்துப்போயிருக்கும். சென்டர் ஸ்டாண்டில் போட்டு, நியூட்ரலில் வைத்து, ஒரு கையால் சில்லை அசையாமல் பிடித்துக்கொண்டு, மறு கையால் ஸ்பிரொக்கெட்டை முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள். ரப்பர் எதிர்த்துக்கொண்டு கொஞ்சம் கொடுத்தால் சரி. எதிர்ப்பே இல்லாமல் 'கொடக் கொடக்' என்று ஓடினால் ரப்பர் செட்டை மாற்றுங்கள். டியூப் துண்டு வெட்டி இடையில் செருகுகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. நாலு நாள் தாங்கும், அப்புறம் நசுங்கித் தூளாகும். மாற்று ரப்பர் விலை ஒரு ஸ்டட் உடைந்து ஹப்பைக் கெடுக்கிற விலையில் சிறு பங்குதான்.

செயினும் ஒரு சந்தேகப் பேர்வழி. இரண்டு பல் கூட்டினால், அதே செயினை வைத்துக்கொண்டால், பின் சில்லு ஆறு மில்லிமீட்டர் போல முன்னுக்கு வர வேண்டும். அதைச் செய்யாமல் இழுத்துப் பூட்டியிருந்தால் செயின் நாண் மாதிரி நிற்கும். பின் சஸ்பென்ஷன் அமுங்கும்போது செயின் இன்னும் இறுகும் என்பதையும் கணக்கில் எடுங்கள். சும்மா நிற்கும்போது சரியாகத் தெரிகிற செயின், ஆள் ஏறிக் குழியில் இறங்கும்போது கம்பியாகிவிடும். உங்கள் மாடலுக்கான தளர்வை ஸ்விங் ஆர்மில் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரில் போட்டிருப்பார்கள். நம் பக்கத்து பைக்குகளில் பலவற்றுக்கு 20, 30 மில்லிமீட்டர் வாக்கில் இருக்கும். சில்லைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, செயின் எந்த இடத்தில் அதிகம் இறுகுகிறதோ அங்கே அளக்க வேண்டும். பிறகு கனமான ஒருவரைப் பின்னால் உட்கார வைத்து மறுபடி தொட்டுப் பாருங்கள், அப்போதும் ஆட்டம் மிச்சம் இருக்க வேண்டும். பின் அச்சின் இரண்டு பக்கக் கோடுகளும் ஒரே எண்ணில் நிற்கட்டும்.

ஆடுகிற ஸ்டட்டுக்கு வருவோம். அதை இரண்டு நட் போட்டுப் பூட்டி வெளியே எடுங்கள். ஹப் தட்டு அலுமினியம். ஸ்டட்டில் அலுமினியச் சுருள் ஒட்டிக்கொண்டு வந்தால் உள்ளே மரை போய்விட்டது. அதற்குப் பசையோ துணியோ பரிகாரமில்லை. கடைசல் பட்டறையில் மரைச் சுருள் வைத்துத் தருவார்கள், இல்லையென்றால் தட்டையே மாற்ற வேண்டும். மரை நன்றாக இருந்தால் புது ஸ்டட் போடலாம். பழையதைத் திருப்பிப் போட வேண்டாம், ஆடின ஸ்டட்டில் வெடிப்பு இருக்கலாம். விழுந்த நட்டுக்கு மட்டும் புதியது வாங்காமல் முழுச் செட்டையும் மாற்றுங்கள். உள்ளே நைலோன் வளையம் வைத்த நட் என்றால் கட்டாயம் புதியதுதான், ஒவ்வொரு தடவை கழற்றும்போதும் அந்த வளையம் பிடி இழக்கும். கையால் சுற்றிப் போகிற நைலோன் நட் குப்பைக்குரியது. உங்கள் மாடலில் மடிக்கிற காது வொஷர் இருந்தால் அதுவும் புதியதாக இருக்கட்டும். ஒரு தடவை மடித்த காதை நிமிர்த்தி மறுபடி மடித்தால் உடையும். காது வொஷர் நட் விழாமல்தான் காக்கும், இறுக்கத்தைக் காக்காது. இறுக்கத்தை நாம்தான் கொடுக்க வேண்டும்.

எவ்வளவு இறுக்கம்? இதுதான் எல்லோரும் கைப்பதத்தில் விடுகிற இடம். உங்கள் பைக்கின் சர்விஸ் மெனுவலில் எண் இருக்கும், அதுவே வேதம். அது கிடைக்காவிட்டால் ஒரு குறைந்தபட்சமாக ஹொண்டாவின் பொது அட்டவணையைச் சொல்கிறேன்: 6 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு 10 நியூட்டன் மீட்டர், தலையோடு வளையம் சேர்ந்த 8 மில்லிமீட்டருக்கு 27, அதே மாதிரி 10 மில்லிமீட்டருக்கு 39. ஸ்பிரொக்கெட் நட்டுக்குப் பல மாடல்களில் இதைவிடக் கூடுதலாகவே கொடுத்திருப்பார்கள். அதனால் மெனுவலைத் தேடிப் பிடியுங்கள்.

இறுக்கத்தை அளந்து காட்டுகிற டோர்க் ரென்ச் உங்களிடம் இல்லை. பரவாயில்லை, தொங்குதராசு கிடைக்குமல்லவா? கொழுந்து நிறுக்கிற தராசைக் கேட்டு வாங்க வேண்டாம், அதைச் சுற்றி ஏற்கனவே போதுமான வழக்கு இருக்கிறது. பயணப் பை நிறுக்கிற சின்ன டிஜிட்டல் தராசு போதும். ரிங் ஸ்பனரில் நட்டின் நடுவிலிருந்து சரியாக 25 சென்டிமீட்டரில் ஒரு கோடு போட்டு, அங்கே தராசின் கொக்கியை மாட்டுங்கள். ஸ்பனருக்குச் செங்குத்தாக இழுங்கள், சாய்த்து இழுத்தால் கணக்குப் பிழைக்கும். 11 கிலோ காட்டினால் 27 நியூட்டன் மீட்டர், 16 கிலோ காட்டினால் 39. 6 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு 10 சென்டிமீட்டரில் 10 கிலோ. ஸ்பனர் குட்டையாக இருந்தால் தூரத்தைக் குறைத்துக் கிலோவை அதே விகிதத்தில் கூட்டிக்கொள்ளுங்கள். ஆய்வுகூடத் துல்லியம் வராது. ஆனால் "கொஞ்சம் நல்லா இறுக்கு" என்பதைவிட எவ்வளவோ மேல்.

மரையில் எண்ணெய் இருக்கக் கூடாது. நட்டைச் சுற்ற நீங்கள் செலவழிக்கிற பலத்தில் பத்தில் ஒரு பங்கு அளவுதான் ஸ்டட்டை நீட்டப் போகிறது, மிச்சமெல்லாம் உராய்வுக்கே போகும். எண்ணெய் பட்டால் அந்தக் கணக்கு மாறி, அதே 11 கிலோவில் ஸ்டட் அளவுக்கு மீறி நீளும். எல்லா நட்டையும் முதலில் பாதி இறுக்கத்துக்குக் கொண்டுவந்து, பிறகு எதிரெதிர் மூலையாகப் போய் முழு இறுக்கம் கொடுங்கள்.

இப்போது நீங்கள் ஆசையோடு கேட்ட லொக்டைட்.

போடலாம். ஆனால் மேலே சொன்னதெல்லாம் முடிந்த பிறகு, கடைசியில். மெல்லிய தகடு, செத்த ரப்பர், ஆடுகிற ஸ்டட் இவற்றின் மேல் பசை ஊற்றினால் நட் இருந்த இடத்திலேயே இருக்கும், தகடு அதன் அடியில் அடிவாங்கிக்கொண்டிருக்கும். நட் கழன்றால் கண்ணுக்குத் தெரியும். ஸ்டட் உள்ளுக்குள் வெடிப்பது தெரியாது.

இந்தப் பசை காற்றில் காயாது. காற்று இல்லாத இடத்தில், உலோகம் பட்டால்தான் இறுகும். அதனால்தான் போத்தலில் முழுக்க நிரப்பாமல் காற்றுக்கு இடம் விட்டு விற்கிறார்கள். போலி போத்தலைக் கண்டுபிடிக்கவும் இது உதவும்: ஒரு சொட்டைத் திறந்த தட்டில் விட்டுப் பாருங்கள், அது அங்கேயே காய்ந்து கட்டியானால் வாங்கினது வேறு ஏதோ. சூப்பர் குளூ வேறு சாதி. ஈரத்தில் காயும், காய்ந்தால் நொறுங்கும், உதை வாங்குகிற இடத்துக்கு அது ஆகாது.

லொக்டைட்டில் நிறம் பார்க்க வேண்டும். போத்தலின் நிறத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள், உள்ளே இருக்கும் திரவத்தின் நிறம்தான் கணக்கு. ஸ்பிரொக்கெட் நட்டுக்கு நீலம், 243 என்ற இலக்கம். சாதாரண ஸ்பனரால் கழற்ற முடியும். சிவப்பு 271 கழற்ற 250 பாகை அளவுக்குச் சூடு காட்ட வேண்டிவரும். ரப்பரும் பெயரிங்கும் இருக்கிற ஹப்பில் அந்தச் சூட்டை யார் காட்டுவது? புது ஸ்டட்டை ஹப் தட்டில் நிரந்தரமாக இருத்துவதற்கு மட்டும் சிவப்பை யோசிக்கலாம், நட்டுக்கு வேண்டாம். நைலோன் நட் போடுகிறீர்கள் என்றால் எந்தப் பசையும் தேவையில்லை, ஒன்று போதும்.

மரையைப் பெட்ரோலில் கழுவினால் போதாது, ஒரு படலம் விட்டுப் போகும். பிரேக் கிளீனர் இருந்தால் நல்லது. இல்லையென்றால் வீட்டில் கியூடெக்ஸ் அழிக்கிற அசிட்டோன் வாங்கிப் பழைய பல் பிரஷால் தேயுங்கள். எண்ணெய் சேர்த்த வாசனை வகை ஆகாது. முழுக்கக் காயட்டும். நட் போய் உட்காருகிற இடத்து மரையில் ஒன்றிரண்டு சொட்டு, அவ்வளவுதான். உடனே இறுக்கி முடித்துவிடுங்கள். பத்து நிமிடம் கழித்து "இன்னும் கொஞ்சம்" என்று ஸ்பனரை வைத்தால் இறுகிக்கொண்டிருக்கிற பசை உடைந்துவிடும், மறுபடி முதலிலிருந்துதான். முழுப் பலம் வர 24 மணிநேரம் என்பது 22 பாகை வெப்பத்துக்குச் சொன்னது. நம் குளிருக்கு அது போதாது. ஜனவரியில் நுவரெலியா, இராகலைப் பக்கம் இரவு எப்படியிருக்கும் என்று தெரியும்தானே, அந்தக் குளிரில் பசை சோம்பிக் கிடக்கும். வேலையை உச்சி வெயிலில் செய்து, பைக்கை வீட்டுக்குள் நிறுத்தி, ஞாயிறோடு இன்னொரு நாளையும் கொடுங்கள்.

பிளாஸ்டிக் கவர்களில் சிந்தவிடாதீர்கள், வெடித்துவிடும்.

இனி நகத்துக்குப் பூசுகிற கியூடெக்ஸை எடுத்து, ஒவ்வொரு நட்டின் மேலிருந்து ஸ்டட்டையும் ஸ்பிரொக்கெட்டையும் தொடுகிற மாதிரி ஒரே கோடாக இழுங்கள். காலையில் பெரட்டுக்குப் போகும் முன் குனிந்து ஒரு பார்வை போதும். கோடு முறிந்திருந்தால் நட் நகர்ந்திருக்கிறது. பசை போட்ட நட்டைப் பிறகு இறுக்கிப் பார்க்கக் கூடாது என்பதால் இந்தக் கோடு இன்னும் அவசியம். பசை போடாத நட் என்றால் ஓரிரு நாள் ஓடிய பிறகு ஒரு தடவை தராசோடு சரிபாருங்கள், புதுத் தகடு உட்கார்ந்து கொடுத்திருக்கும்.

முன்பக்கச் சத்தம். கவரைக் கழற்றினால் சிறிய ஸ்பிரொக்கெட்டை ஒரு தகடு இரண்டு 6 மில்லிமீட்டர் போல்ட்டால் பிடித்திருக்கும். சில மாடல்களில் ஒரே பெரிய நட்டும் மடிக்கிற வொஷரும் இருக்கும். தகடு வகையில் ஸ்பிரொக்கெட் பக்கவாட்டில் சிறிது ஆடத்தான் செய்யும், அப்படித்தான் செய்திருக்கிறார்கள். அந்த ஆட்டத்தைப் பார்த்துப் பயந்துதான் பலர் வெல்டிங்குக்குப் போகிறார்கள். வெல்டிங் பிடித்தால் பின்னால் இருக்கும் ஒயில் சீலும் பெயரிங்கும் வெந்துவிடும், அடுத்த தடவை ஸ்பிரொக்கெட் மாற்ற கியர்பொக்ஸையே பிரிக்க வேண்டிவரும். எந்தக் காரணத்துக்கும் அங்கே வெல்டிங் வேண்டாம், பின்பக்கமும் வேண்டாம்.

பார்க்க வேண்டியது சுழல்வாக்கில் ஆடுகிறதா என்பதை. கியர்பொக்ஸிலிருந்து வருகிற தண்டின் பற்களில் ஸ்பிரொக்கெட் முன்னும் பின்னும் 'டக் டக்' என்று அடித்தால் பற்கள் தேய்ந்திருக்கின்றன. முதலில் ஸ்பிரொக்கெட்டை மாற்றிப் பாருங்கள், பெரும்பாலும் தேய்வது அதுதான். தண்டே தேய்ந்திருந்தால் அது பெரிய வேலை, கராஜுக்குக் கொண்டுபோங்கள். அந்த இரண்டு போல்ட்டுக்கும் ஒரு சொட்டு நீலம் நல்லது. ஆனால் கவருக்குள் ஒயில் வழிந்து சகதியாக இருந்தால் முதலில் சீல். ஒயிலில் குளிக்கிற போல்ட்டில் பசை நிற்காது. முன் ஸ்பிரொக்கெட் கழன்று செயின் சுருண்டால் என்ஜின் உடம்பையே உடைக்கும். உடைக்காவிட்டாலும் இறக்கத்தில் என்ஜின் பிடி ஒரே நொடியில் இல்லாமல் போகும். பின்பக்கத்தைவிட எனக்கு இதுதான் பயம்.

குனிந்தது குனிந்ததுதான், பின் அச்சு நட்டையும் அதன் கொட்டர் பின்னையும், என்ஜினைச் சட்டத்தோடு பிடிக்கிற போல்ட்களையும் ஒரு தடவை தொட்டுப் பாருங்கள். என்ஜின் போல்ட் லூஸாக இருந்தால் முன் ஸ்பிரொக்கெட் தன் இடத்தைவிட்டு விலகி, செயின் கோணலாக ஓடும்.

நீங்களே செய்யலாமா என்றால், பின்பக்க வேலை முழுவதையும் செய்யலாம். ஸ்டட் மரை போயிருந்தால் தட்டை மட்டும் கழற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோங்கள், பைக்கை உருட்டிக்கொண்டு போக வேண்டாம். முன்பக்கம் கவரைத் திறந்து பார்த்து, போல்ட் மட்டும்தான் தளர்வு என்றால் அதையும் நீங்களே முடிக்கலாம். செயினைக் கழற்ற நேர்ந்தால் லொக் கிளிப்பை மாட்டும் பக்கத்தைக் கவனியுங்கள்: கிளிப் மேல் ஓட்டத்தில் இருக்கும்போது அதன் மூடின முனை என்ஜின் பக்கம் பார்க்க வேண்டும், பிளந்த முனை பின்னால்.